பொன் வாயிற்படி

பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரையான் விரைவில் குடியேறும்; ஆள் நடமாட்டம் உள்ள வீடே நெடுநாள் நிற்கும். பழம்பெரும் கட்டடங்களுக்கும் இதுவே விதி. ஐதராபாத் நகரின் நடுவே, நாம்பள்ளிப் பகுதியில் உள்ள ஒரு பழைய வீடு இவ்வுண்மையை எனக்கு உணர்த்திற்று.

அவ்வீட்டின் பெயர் ‘கோல்டன் திரெஷோல்டு’. ‘பொன் வாயிற்படி’ எனத் தமிழில் கூறலாம். வங்காளத்திலிருந்து வந்து ஐதராபாத்தில் கல்விப் பணியாற்றிய அகோரநாத் சட்டோபாத்யாயரின் இல்லம் அது. அவருடைய மகளே கவிக்குயில் சரோஜினி நாயுடு. 1905ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயரும் இதுவே. வங்காளக் குடும்பத்தில் பிறந்து, ஐதராபாத்தில் வளர்ந்து, 12ஆம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறி, 1898இல் மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்து, ஆங்கிலத்தில் கவிதை புனைந்தவர் அவர். தம் தந்தையாரின் தோட்டத்தில் அறிஞரும் எளியோரும் வேறுபாடின்றிக் கூடி உரையாடுவர் என அவர் எழுதியுள்ளார்.

சரோஜினியின் மகள் பத்மஜா நாயுடு மேற்கு வங்காளத்தின் ஆளுநராக விளங்கியவர். அவருடைய விருப்பத்தால் அவ்வீடு கல்விப்பணிக்கு உரியதாயிற்று. 1974இல் நிறுவப்பெற்ற ஐதராபாத் பல்கலைக்கழகம் தன் தொடக்க நாள்களில் அங்கிருந்தே இயங்கிற்று. பல்கலைக்கழகம் கச்சிபௌலிக்குப் பெயர்ந்த பின்னர், அதன் நாடகப் பிரிவு ஒன்று பொதுமக்களுக்காக அவ்வீட்டில் நாடகங்களும் பயிற்சிகளும் நடத்தியது.

அந்நாள்களில் ஒரு மாலை, காஞ்சன்பாக்கிலிருந்து என் அன்னையாரையும் மகளையும் அங்கு அழைத்துச் சென்றேன். தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த அன்னையார் வாயிலில் தயங்கி நின்றார். “பெரியவர்கள் வாழ்ந்த வீடு ஆயிற்றே! சீட்டு இல்லாமல் நம்மை உள்ளே விடுவார்களா?” என்று கேட்டார். அன்றைய நாடகத்திற்குக் கட்டணம் இல்லை. காவலர் புன்னகைத்து, “லோபலிகி ரண்டம்மா” என்றார். ‘உள்ளே வாருங்கள், அம்மா’ என்னும் அத்தெலுங்கு அழைப்புக்கு எவரும் உரை கூற வேண்டியிருக்கவில்லை.

நாடகமும் தெலுங்கிலேயே நடந்தது. என் மகள் பாட்டியின் காதருகே தமிழில் பொருள் கூறிக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அன்னையார், “போதும் கண்ணே, இனி எனக்கே புரிகிறது” என்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். அதன்பின் நான் மேடையைப் பார்க்கவில்லை, அவ்விருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். 30 ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும், கோயிலையும் கடைத்தெருவையும் அன்றி வேறோர் இடத்தையும் தமதென்று கருதாதவர் என் அன்னையார். அன்று அவர் முன்வரிசையில் அமர்ந்து, பக்கத்தில் இருந்த தெலுங்கு மூதாட்டியோடு சேர்ந்து கை தட்டினார்.

கோட்டைகளையும் அரண்மனைகளையும் கட்டணம் செலுத்திக் கண்டு வியக்கிறோம். பின்னர் வீடு திரும்புகிறோம். கலை நிகழும் பழைய வீட்டிலோ அவையினராய் அமர்கிறோம். அதன் வரலாற்றில் நாமும் ஒரு மாலைப் பொழுது இடம்பெறுகிறோம். சுவரைச் செப்பனிடுவதோடு வாயிலையும் திறந்து வைத்தால்தான் மரபுச் சின்னம் மக்களுடையதாகும். உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடம் ஒன்று இருக்கக்கூடும். அதன் கதவு திறந்தால் உள்ளே என்ன நிகழ வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

வினாக்கள்

1. ‘பொன் வாயிற்படி’ என்னும் வீடு யாருடைய இல்லமாக இருந்தது?
2. ஆசிரியரின் அன்னையார் வாயிலில் தயங்கியது ஏன்? அத்தயக்கம் எவ்வாறு நீங்கிற்று?
3. உங்கள் பகுதியில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைக் கலைக்கூடமாக்குவது பற்றி ஒரு பத்தி எழுதுக.