ஓடைக்கரை வெண்மலரின் குலம்

கீழ் கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்கும் ஓடைக்கரைகளில், மழை ஈரத்தில் தழைத்து வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் ஒரு செடியின் குலம் கோத்திரத்தை அறிய வேண்டும் என்ற ஆவலே என்னை இந்தத் தேடலில் இறக்கியது. சமவெளி வீட்டு முற்றங்களில் வளரும் காசித்தும்பைக்கு இது பங்காளி என்பது அதன் காயைத் தொட்டவுடன் விளங்கிவிடுகிறது. முற்றிய காய் விரல் பட்ட மாத்திரத்தில் ஐந்து மடல்களாக வெடித்துச் சுருண்டு விதைகளை வீசுகிறது. லின்னேயஸ் 1753இல் இம்பேஷன்ஸ் என்று வகுத்த பேரினத்தின் பிரதான லட்சணம் இதுவே.

பூவின் அமைப்போ இன்னும் விசித்திரமானது. புல்லிவிதழ்களில் ஒன்று பின்புறம் மெல்லிய வாலாக நீண்டு தேனைத் தாங்குகிறது. அல்லிவிதழ்கள் ஐந்தாயினும், மேலிதழ் தனித்து நிற்க, மற்ற நான்கும் பக்கத்துக்கு இரண்டாக ஒட்டிக்கொள்வதால் மூன்றே போலத் தோன்றுகின்றன. ஐந்து கேசரங்களின் மகரந்தப் பைகளும் ஒன்றுகூடிச் சூலகத்தின்மேல் குல்லாய்போலக் கவிந்திருக்கின்றன.

பழைய கிரந்தங்களைப் புரட்டியபோது, ஜெனீவாவின் டிகாண்டோல் 1824இல் இச்செடியை பால்சமினா என்ற வேறு பேரினத்தில் வைத்து, லெசனால்ட் என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளரின் பெயரை அதற்குச் சூட்டியிருப்பதைக் கண்டேன். புதுச்சேரியிலிருந்து செடிகளைச் சேகரித்துவந்த அவர், கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் இம்மலைக்கு வந்த அதே 1819ஆம் ஆண்டில் இங்கே வந்தவர். பின்னர் 1834இல் ராபர்ட் வைட்டும் அர்னாட்டும் தங்கள் நூலில் செடியை இம்பேஷன்ஸ் பேரினத்துக்கு மாற்றினர். அந்த இடம் இன்றும் நிலைத்திருக்கிறது.

உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குலத்தை வகைப்படுத்தவே ஜோசப் ஹூக்கர் தமது முதுமையைச் செலவிட்டு, 1911இல் தொண்ணூற்றுநான்காம் வயதில் மறைந்தார். அவரை வாட்டிய இடர் எதுவென்றால், இந்த மலரின் இதழ்கள் காகிதத்தில் அழுத்தி உலர்த்தியதும் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்துவிடுவதே. ஆகையால் வைட் அமர்த்திய ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டுச் சித்திரக்காரர்கள் வரைந்த படங்களின் அருமை எனக்கு அப்போதுதான் ஸ்பஷ்டமாகத் தெரிந்தது. உலர்ந்த ஏட்டில் தொலைந்துபோகும் வடிவத்தை இத்தகைய தூரிகைகளே காப்பாற்றித் தந்தன. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே இட்டு கௌரவித்தார்.

இக்குலத்தைப் பொறுத்தவரை உயிரோடு நிற்கும் செடியே இறுதிச் சாட்சி என்பது என் முடிபு. ஆகவே தோட்டத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று ஓடையோரத்துப் பூண்டுகளையெல்லாம் செதுக்கியெறியும் அன்பர்கள், நீரையொட்டி நான்கு முழ அகலமாவது சோலையின் பாகத்தை விட்டுவைக்க வேண்டுகிறேன்.