புறங்கைக்குத் தெரியும் சூடு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு லாரி சேஸிஸைக் கடந்தோம். கேபின் இல்லை, கண்ணாடி இல்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார் ஓட்டுநர். இப்போது பல வண்டிகள் கேபினோடே வந்துவிடுகின்றன. ஆனாலும் பாடி கட்ட நாமக்கல்லுக்கு வருவது நிற்கவில்லை. இப்படிக் கட்டி ஓடும் லாரிகளில் வரும் கோளாறுகள் பல. அதில் ஒன்றைப் பார்க்கத்தான் நான் போனேன்.

பரமத்தி ரோட்டில் ஒரு பிரேக் பட்டறை. பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று நின்றிருந்தது. "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. டீசலும் கூடக் குடிக்குது" என்றார் ஓட்டுநர். பட்டறையின் மூத்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். இன்ஜின் பக்கமே அவர் போகவில்லை. ஒவ்வொரு சக்கரமாக நடந்து, புறங்கையை டிரம்முக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்திப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தில் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். லைனர் தீய்ந்த வாசம் எனக்கே அடித்தது.

கிளீனர் பையன் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். "ஊத்தாத கண்ணு, டிரம் விரிசல் உட்ரும்" என்று தடுத்தார். ஆறும்வரை காத்திருந்தோம். பேரிங் போனாலும் சக்கரம் சூடாகுமே என்று கேட்டேன். "அதுன்னா சூடு நடு ஹப்புல இருக்குமுங்க. கிரீஸ் உருகி வழியும். இது டிரம்முல இருக்குது."

பிரேக் பிடிக்காத வண்டிக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். பிரேக்கை விடாத வண்டிக்கு யாரும் பயப்படுவதில்லை. அது ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். பெங்களூரிலிருந்து வரும் வண்டி தொப்பூர் கணவாயில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். சமவெளியிலேயே சூடேறிவிட்ட டிரம் விரிந்திருக்கும், லைனருக்குப் பிடிப்பு குறைந்திருக்கும். இறக்கத்தில் மிதிக்கும்போது அந்தச் சக்கரத்தில் போதிய பலம் இருக்காது. விடாத பிரேக்தான் அங்கே பிடிக்காத பிரேக்காகிவிடுகிறது.

மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஏர் முழுதாக ஏறியதும் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் கால் சுற்றுகூட வரவில்லை. இங்கேதான் நான் பார்க்கப் போன வேலை தொடங்கியது. கோளாறு காற்றிலா, இரும்பிலா? பிரேக் சேம்பருக்கு இரண்டு ஹோஸ் வருகிறது. ஒன்று, காலால் மிதித்தால் காற்று வரும் வழி. மற்றொன்று, உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும் காற்றின் வழி. இரண்டாவதைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டு பிரேக் இறுகிவிடும். சேம்பரையே தெரியாமல் பிரித்தால் அந்த ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும். போல்ட் போட்டு அதைக் கட்டிவைக்காமல் யாரும் தொடுவதில்லை. மேஸ்திரி முதல் ஹோஸின் நட்டை மட்டும் லேசாகத் தளர்த்தினார். காற்று தங்கியிருந்தால் 'புஸ்' என்று வந்து சக்கரம் விட்டிருக்கும். சத்தமே இல்லை, சக்கரமும் விடவில்லை. மிதிக்கும் வழியிலுள்ள வால்வுகள் மேல் குற்றமில்லை என்று அந்த ஒரு நட்டில் தெரிந்துவிட்டது.

நட்டை மறுபடி இறுக்கிவிட்டு, பையனை மிதிக்கச் சொல்லி, என்னையும் வண்டிக்கு அடியில் கூப்பிட்டார். சேம்பரின் தள்ளலைக் கேம் ஷாஃப்டுக்குக் கொண்டுபோகும் கைக்கு ஸ்லாக் என்று பெயர். வலது பக்க ஸ்லாக் 'டப்'பென்று போய் 'டப்'பென்று திரும்பியது. இடது பக்கம் போனது, திரும்பும்போது முழங்கால் வலிக்காரர் உட்காருவதுபோல மெல்ல வந்து பாதியில் நின்றது. ஸ்லாக்கைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் சுற்றியது. ஓட்டுநர் முகம் மலர்ந்தது, அப்படியே கிளம்பத் தயாரானார். "இப்பப் போகுமுங்க. ஆனா நாளைக்கு மிதிச்சா இந்தச் சக்கரம் புடிக்காது" என்று மேஸ்திரி டிரம்மைக் கழற்றச் சொல்லிவிட்டார். கூலிக்காகப் பிரிக்கிறார் என்று நினைக்கிறவர்கள் அந்த ஸ்லாக் திரும்பியதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

டிரம்முக்குள் கறுப்புத் தூள். பையன் ஏர் ஹோஸை எடுத்து ஊதினான், தூள் அவன் முகத்திலேயே படிந்தது. கல்நார் கலந்த லைனர்கள் நம் நாட்டில் இன்னும் புழங்குகின்றன. அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம், முகக்கவசம் ஒன்று வாங்கித் தரலாம். அன்று அங்கே இரண்டும் இல்லை. எனக்கு மனசு ஆறவேயில்லை.

பிரேக் ஷூக்களை விரிக்கும் கேம் ஷாஃப்டைத் தட்டித் தட்டித்தான் உருவ முடிந்தது. புஷ் வறண்டு துருவேறியிருந்தது. ஷூவின் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் இந்தத் துரு ஷாஃப்டைத் திரும்ப விடாது. கிரீஸ் ஏன் போகவில்லை? மேஸ்திரி கிரீஸ் நிப்பிளை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். அடியில் பித்தளை, மேலே கெட்டியாகச் சேஸிஸ் பெயிண்ட். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, வண்டியைப் புதுசாக்கியபோது நிப்பிளையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கிரீஸ் கன் வைத்தவர்கள் வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புது புஷ், புது நிப்பிள். கிரீஸ் ஏற்றி, ஸ்லாக்கை வலது பக்கத்துக்குச் சமமாக வைத்து, பையன் மிதித்து விட்டதும் கையால் சுற்றிவிட்ட சக்கரம் மூன்று சுற்று சுற்றி நின்றது. கொஞ்ச தூரம் ஓட்டிப் போய்த் திரும்பி வந்ததும் மேஸ்திரி மறுபடி புறங்கையை நீட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு.

லாரி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.சி. பெயிண்டுக்கு விடுமுன் எல்லா கிரீஸ் நிப்பிள்களுக்கும் டேப் சுற்றச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் அன்றே, ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடித்துப் பாருங்கள்.