காப்புறுதிக்கு முன்னே வருபவர்

எமது நாட்டிலும் அனைவருக்கும் சுகாதாரக் காப்புறுதி வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகின்றது. அதனை முற்றாக மறுப்பவன் அல்லன் நான். ஆனால் தாய், சேய் நலம் என்று வரும்போது அது மட்டும் போதும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

காப்புறுதி, செலவு ஏற்பட்ட பின்னர் கண் விழிப்பது. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் உறவினர் ஒருவரின் மகளுக்குத் தனியார் வைத்தியசாலையில் பிரசவம் நடந்தது. காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. ஒப்பந்தம் செய்து குறித்த மாதங்கள் கழியவில்லையாம். நாள் பார்த்தா பிள்ளை பிறக்கும்?

இலங்கை நடந்த பாதை வேறு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அத்தொகை 50க்கும் குறைவு. இலவச வைத்தியசாலைகள், பெண் கல்வி, மலேரியா ஒழிப்பு என இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நான் முதலிடம் கொடுப்பது வீடு தேடி வரும் மருத்துவிச்சிக்கு. குடும்பநல உத்தியோகத்தர் என்பது அவரது பதவிப்பெயர். கர்ப்பிணியைப் பதிவு செய்வதும், பிரசவத்தின் பின் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பதும், பிள்ளையை நிறுப்பதும் அவரே. அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு இல்லை. மருத்துவிச்சியோ இருவரின் படலையையும் தட்டுகிறார்.

இந்த ஏற்பாடு தானாக நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோஷா தடைப்பட்டது. வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுச் சென்றனர். இலவச வைத்தியசாலைக்குப் போனவர்களும் மருந்தை வெளியே காசு கொடுத்து வாங்க நேர்ந்தது.

ஆகவே காப்புறுதிக்கு நிதி தேடுவோரிடம் என் கேள்வி ஒன்றுதான்: அப்பணத்தில் மருத்துவிச்சியின் பங்கு எவ்வளவு? பிரசவச் செலவை ஈடுசெய்வதற்கு முன், பிரசவத்தில் தாய் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு அவர்தான் வரவேண்டும்.