வாசம் பார்த்துத் தொடங்கும் வேலை

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது ஹட்டனைச் சுற்றியுள்ள கராஜ்களில் வேலை குவிகிறது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் திரும்பும் நாட்கள் இவை. தீபாவளிக்கு ஓட்டிவிட்டு லயத்துக்குப் பின்னால் மூடிவைத்துப் போன பைக், ஐந்து மாதம் கழித்து எத்தனை உதை உதைத்தாலும் எழும்பாது. இறக்கத்தில் உருட்டிக்கொண்டே பிரதான வீதிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், வீதியோரத்துத் தகரக் கூரை கராஜ் ஒன்றில் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். அதன் மெக்கானிக் லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்ட வயதில் ஹட்டன் கராஜ் ஒன்றில் சாவி எடுத்துக் கொடுக்கப் போய்ச் சேர்ந்தவர், அங்கேயே தொழிலைக் கற்றார். பையன் ஒருவன் வண்டியோடு வந்ததும் அவர் கை சாவிப்பெட்டிக்குப் போகவில்லை.

“எப்ப ஓட்டுனது தம்பி?”

“தீவாளிக்குண்ணே.”

“டேங்கில கெடக்கிறது அப்ப அடிச்ச பெற்றோலா?”

“ஆமாண்ணே. பாதி இருக்கும்.”

“எங்க நிப்பாட்டி வச்ச? உள்ளயா, வெளியயா?”

பிறகுதான் டேங்க் மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். புதுப் பெற்றோல் மூக்கைச் சுள்ளென்று தாக்கும். மாதக்கணக்கில் நின்றது வார்னிஷ் போல மந்தமாக மணக்கும். பெற்றோலில் முதலில் ஆவியாகிப் போவது இலேசான பகுதிதான். குளிர்ந்த எஞ்சினில் சட்டென்று தீப்பற்ற உதவுவதும் அதுவே. மிஞ்சிய கனமான பகுதி காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிறது. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்பது கொஞ்சம் பெற்றோல்தான் என்பதால் அது டேங்கில் உள்ளதை விட வேகமாகக் கெடும். பிசின் போய் அடைப்பது பைலட் ஜெட் என்ற பித்தளைத் துண்டின் துளையை. அரை மில்லிமீற்றர்கூட இல்லாத அந்தத் துளை வழியாகத்தான் வண்டி எழும்பத் தேவையான பெற்றோல் போகவேண்டும்.

அடுத்துப் பிளக்கைக் கழற்றினார். பல தடவை உதைத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் மேலே வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது. கோளாறு கரன்டிலோ பெற்றோலின் தரத்திலோ இருக்கிறது. இந்த ஒரு பார்வையில் பாதித் தேடல் முடிந்துவிடுகிறது. கராஜில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால் வண்டியிடமே பதில் வாங்கிவிடுகிறார். பிளக்கையும் இக்னிஷன் கொயிலையும் பற்றரியையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, எதனால் எழும்பியது என்றே தெரியாமல் காசு வாங்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

இந்தப் பிளக் காய்ந்திருந்தது. அடிக்கிண்ணத்து ஆணியைத் தளர்த்திப் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள் பெற்றோலுக்குக் கீழே தண்ணீர் தனியாக உருண்டு கிடந்தது. மலைநாட்டில் இது சாதாரணம். பாதி காலியான இரும்பு டேங்கில் பகலில் காற்று சூடாகி, இரவுக் குளிரில் அதன் ஈரம் உள்சுவரில் வேர்த்து இறங்கும். பெற்றோலை விடக் கனம் என்பதால் தண்ணீர் அடியில் தங்கித் துருவையும் சேர்த்துக் காபரேட்டருக்கு அனுப்பும். டேங்கைக் காலி செய்து அலசினார்கள். ஜெட்டைக் கழற்றி, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு நூலால் துளையைத் திறந்தார். பக்கத்தில் நின்ற பையன் குண்டூசியை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டார். இரும்பு ஊசி பித்தளையைச் சுரண்டும். துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் வண்டி அதற்குப் பிறகு பெற்றோல் குடிக்கும்.

உயரத்தின் கணக்கும் இங்கே உண்டு. ஹட்டன் 1,270 மீற்றர் அளவிலும் நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதே அளவு பெற்றோல் கூடுதலாகிவிடும். கொழும்புப் பழக்கத்தில் சோக்கை முழுக்க இழுத்து உதைத்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துபோகும். அப்போது சோக்கைத் தள்ளிவிட்டு, அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து உதைக்கச் சொல்கிறார். உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறிவிடும்.

2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இங்கே எந்த மெக்கானிக்கும் நின்ற வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. தோட்டத்தில் அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். மலைக்கு மேலே உள்ள டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் டவுனுக்கும் இறங்க அந்தப் பைக்கைத்தான் நம்பியிருந்தார்கள். அது நின்றபோது மனிதர்கள் நடந்தார்கள். மண்ணெண்ணெய் விலையை ஆகஸ்டில் 340 ரூபாவுக்கு உயர்த்தும்வரை அது 87 ரூபாதான். அதைப் பெற்றோலில் கலந்து விற்கும் ஆசை யாருக்கோ வந்தது. போத்தலிலும் கேனிலும் கைமாறி வந்த அந்தப் பெற்றோலை ஊற்றிய வண்டிகள் புகை கக்கின, காலையில் எழும்ப மறுத்தன. கலப்படத்தை அறிய உள்ளங்கையில் சில சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சுத்தமான பெற்றோல் கையைக் குளிரவைத்துவிட்டுப் பறந்துவிடும், மண்ணெண்ணெய் வழுவழுப்பாக ஒட்டி நிற்கும்.

அதற்கு முன்பே, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025இல்தான் அந்தத் தடை விலகியது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிக்கு மாற்று வண்டி கிடையாது. ஒவ்வொரு சிடி100ஐயும், ஹீரோ ஹொண்டாவையும் ஓட வைத்தவர்கள் இப்படிப்பட்ட சாலையோரக் கைகள்தான். படித்துச் சான்றிதழ் பெறாமலே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்து என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமை வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. அது இந்தக் கராஜ் வாசலுக்குத் தேடி வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க இவர்களால் முடியாது. இப்போது வரும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பற்றரி இறங்கிவிட்டால் பெற்றோல் பம்பே ஓடாது. வாசம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகளும் அவற்றில் உண்டு. அவற்றைச் சரிசெய்யும் பயிற்சியும் இங்கே வந்து சேரவேண்டும்.

மழை இறங்கும் முன்பே வண்டி எழும்பிவிட்டது. சூடேறும்வரை ஓடவிட்டு, பிளக்கைத் திரும்பக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்த பிறகுதான் காசைப் பற்றிப் பேசினார். புத்தாண்டு முடிந்து வண்டிக்காரப் பையன் மறுபடி கொழும்புக்குப் போவான். அதனால் அவனிடம் சொன்னது போதாதென்று, கூட வந்திருந்த அவன் தாயைக் கூப்பிட்டார்.

“அக்கா, இவன் போற அன்னிக்கு டேங்க நெறச்சு வைக்கச் சொல்லுங்க. இந்தப் பெற்றோல் டெப்ப மூடிட்டு, வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட விடணும். பற்றரியில இந்தக் கறுப்பு வயரக் கழட்டிருங்க. சின்னவன் தினமும் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணிட்டு நிப்பாட்டுவான், அது வேணாம். சூடு ஏறாம நிப்பாட்டினா உள்ள தண்ணி வேர்க்கும். ஓட்டுறதா இருந்தா கோயில் வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க.”

அந்த அம்மா குனிந்து டெப்பைத் தானே ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். “மூடினா இந்தப் பக்கமா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.