வாசல்படியில் சொல்வது

கோயம்புத்தூர் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிறுவாணி அணையிலிருந்து வருவது நல்ல தண்ணி. அது முறை வைத்துத்தான் வரும். வரும் நாளில் வீட்டிலுள்ள குடம், அண்டா, தவலை எல்லாம் நிரம்பும். போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. அதற்கு முறை கிடையாது, மோட்டாரைப் போட்டால் வரும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி; குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. என் சித்தி மட்டும் இந்தக் கணக்கில் ஒரு விலக்கு வைத்திருந்தாள். அவளுடைய பார்லரின் மூலையில் மூடி போட்ட எவர்சில்வர் குடம் ஒன்றில் நல்ல தண்ணி இருக்கும். தலையை எதில் அலசினாலும் கடைசி இரண்டு சொம்பு அந்தக் குடத்திலிருந்துதான்.

தொண்ணூறுகளில் சாய்பாபா காலனியில் வீட்டின் முன்னறையைத் தடுத்து அந்தப் பார்லரை நடத்தினாள். பின்னால் சாய்கிற நாற்காலி, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, முகத்துக்கு ஆவி காட்ட ஒரு ஸ்டீமர், டிராயர் நிறைய வெள்ளை நூல்கண்டு. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். வெட்டிய முடியைப் பெருக்கித் தள்ளுவது என் வேலை. அவள் கை செய்த வேலைகள் இப்போது கலங்கலாகத்தான் நினைவில் இருக்கின்றன. தெளிவாக இருப்பது, பணம் வாங்கி டப்பாவில் போட்ட பிறகு வந்தவர்களோடு வாசல்படி வரை போய் அவள் சொல்கிற நாலு வார்த்தைதான். புருவம் எடுத்துக்கொண்டு போகிற காலேஜ் பெண்ணிடம், "ராத்திரி வரைக்கும் மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம் கண்ணு. கத்தாழை இருந்தா சும்மா தடவு. நடுவுல ஒண்ணு ரெண்டு முளைச்சா நீயே புடுங்காதே" என்பாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்ந்திருக்கும். நூல் போடும் அன்று தோலுக்கு உள்ளேயே இருந்தது அடுத்த வாரம் தலையை நீட்டும். அதை வீட்டுக் கண்ணாடி முன் நின்று பிடுங்க ஆரம்பித்தால், கை கோட்டைத் தாண்டி நல்ல முடியையும் எடுத்துவிடும். மூன்று நாலு வாரம் தொடாமல் விட்டால்தான் அடுத்த முறை வடிவம் வடிவமாகவே வரும். சித்தி காரணம் சொல்ல மாட்டாள். சொன்னதைச் செய்தவர்களின் புருவம் மட்டும் மாதக்கடைசியிலும் நேராக இருக்கும்.

முகூர்த்த மாதங்களில் முன்னறை கொள்ளாது. கல்யாணப் பெண்ணைச் சுற்றி நாலு அத்தை, இரண்டு பெரியம்மா. முதல் நாள் சாயங்காலம் மருதாணிக் கோன் போட்டால் போதும் என்று அவர்கள் நினைப்பார்கள். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று சித்தி பிடிவாதமாக நிற்பாள். அவள் சொன்னது சரி. மருதாணி இலையில் இருக்கிற லாசோன் என்கிற சாயம் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கழற்றிய உடனே ஆரஞ்சு நிறம்தான் தெரியும். காற்றுப்பட்டு அது கறுத்துச் சிவக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த ஒரு நாளில்தான் எல்லாத் தப்பும் நடக்கும். பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் கை கழுவணும், பிறகு சோப்பு, பிறகு சுடுதண்ணீர். "தண்ணி ஊத்தாதீங்கக்கா, காய்ஞ்சதைச் சுரண்டி எடுத்துட்டு நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு தேய்ங்க. காலைல குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய்" என்று பெண்ணின் அம்மாவிடம் சொல்லி அனுப்புவாள். உள்ளங்கையில் தோல் தடிமன், அங்கே நன்றாகப் பிடிக்கும். புறங்கையில் சீக்கிரம் வெளுக்கும். மேல்தோல் உதிரும்போது சாயமும் கூடவே உதிர்வதால், உப்புத் தண்ணியில் சபீனா போட்டுப் பாத்திரம் தேய்க்கிற கையில் அது ஒரு வாரம் நிற்பதே பெரிது. புதுப்பெண்ணைப் பாத்திரத்தில் கை வைக்க விடாத வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்த வீட்டு மருமகள்களின் கையில் மருதாணி அதிக நாள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சில மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற கறுப்பு மருதாணியைச் சித்தி கடைக்குள் விட்டதே இல்லை. அப்படிக் கறுக்க வைப்பது பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் போடுகிற பிபிடி. தோலில் நேராக வைத்தால் கொப்புளம் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைக்கு டை போடும்போதெல்லாம் அது துரத்தும். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

டை போட்ட தலையை அலசுகிற ஷாம்பு என்றதும் கடலூர் நினைவுக்கு வருகிறது. ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்றால் கூலி வேலைக்காரரும் வாங்குவார் என்று கண்ட சின்னி கிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்னொரு மகன் குமரவேல், மனைவி வீணாவுடன் சேர்ந்து 2000-ல் சென்னையில் நேச்சுரல்ஸ் சலூனைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்களின் தலை வரலாற்றில் பாதி ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறது. பொட்டலம் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் தலைக்கு வாரம் ஒருமுறைதான் குளிப்போம், வெள்ளிக்கிழமை, எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு. வந்த பிறகு நினைத்தபோதெல்லாம் ஷாம்பு. ஊருக்கு அதனால் நன்மையே. ஆனால் சாயம் போட்ட தலைக்கு ஒவ்வொரு அலசலும் ஒரு இழப்பு. ஷாம்புவின் சல்பேட் மட்டும் காரணமில்லை. வெறும் தண்ணீரே முடியை உப்ப வைத்து உள்ளே இருக்கிற நிறத்தை வெளியே விடும். முடியின் மேல்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சாயம் போடுவதற்காக அம்மோனியா அந்த ஓடுகளைத் தூக்கிவிடுகிறது. அவை மறுபடி படிய நேரம் வேண்டும். அதனால்தான் கலர் போட்டபின் இரண்டு மூன்று நாள் தலைக்கு ஊற்றாதே என்பது. பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் எல்லோரும் ஆசைப்படுகிற பர்கண்டிதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் ஓடிப்போகிற நிறம். சிவப்புச் சாயங்களின் குணம் அப்படி.

மறுபடி தண்ணீருக்கே வருகிறேன். வேலை கிடைத்துச் சென்னை வந்தபோது வேளச்சேரியில் ஒரு விடுதியில் தங்கினேன். அங்கே ஒரே குழாய், அதில் போர் தண்ணீர். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும், ஷவரின் கண்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும். குழாயில் படிகிற அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் முடியிலும் படிகின்றன. முடி கரகரக்கும், மினுமினுப்பு போகும், சீப்பில் சிக்கி ஒடியும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். சாயமோ ஸ்மூத்னிங்கோ செய்த தலைக்கு அந்த மேல் எல்லை மிகவும் அதிகம். விடுதியில் என் அறைத்தோழி ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். இரண்டாவது மாதமே நுனி சணலாகிவிட்டது. அந்தச் சலூனில் விலை உயர்ந்த ஷாம்பு பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்; உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சித்தியாக இருந்தால் முதல் கேள்வி அதுதான்.

அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "குடிக்கிற கேன் தண்ணி இருக்குமில்ல, கடைசியா ஒரு சொம்பு அதுல ஊத்தச் சொல்லு. வாரத்துல ஒரு தடவை அதுல எலுமிச்சை நாலு சொட்டு" என்றாள். எலுமிச்சையின் புளிப்பு படிந்த சுண்ணாம்பைக் கழற்றும். முடிக்கும் லேசான புளிப்புத்தான் ஒத்துவரும், ஓடுகள் படிந்து உட்காரும். நாலு சொட்டு என்றால் நாலு சொட்டுதான். பழத்தையே பிழிந்து வெயிலில் நின்றால் நிறம் வெளுக்கும். கேன் ஒன்றுக்குக் காசு கணக்குப் பார்க்கிற விடுதியில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்ததை ஒரு சொம்புத் தண்ணீர் காப்பாற்றும் என்றால் அது செலவே இல்லை.

அந்த அறையில் ஆறு பேருக்கு ஒரே அயர்ன். அவசரத்தில் ஈரத்தலையிலேயே வைப்பார்கள், சுர்ரென்று ஆவி வரும். முடிக்குள் இருக்கிற நீர் கொதித்துக் குமிழ் விட்டு முடியை உள்ளிருந்தே வெடிக்க வைக்கிற சத்தம் அது. எனக்கு அந்தச் சத்தம் இன்றைக்கும் பிடிக்காது.

சித்தி ரீபாண்டிங் கற்றுக்கொண்டது கொஞ்சம் தாமதமாக, பக்கத்து முக்கில் பெரிய சலூன் வந்த பிறகு. முடிக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்புகளை மருந்து போட்டு அவிழ்த்து, அயர்ன் பிடித்து நேராக்கி, வேறொரு மருந்தால் நேராகவே பூட்டிவிடுகிற வேலை. பூட்டு இறுகுகிற மூன்று நாள்தான் அதன் உயிர். அந்த மூன்று நாளைக்கு அவள் பட்டியல் நீளம்: தலைக்கு ஊற்றக் கூடாது, ரப்பர் பேண்ட் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. பூ என்றதும் பெண்களின் முகம் வாடிவிடும். "மூணே நாளு அம்மணி, அப்புறம் ஒரு பந்து மல்லி வெச்சுக்கோ" என்பாள். கெரட்டின் ட்ரீட்மென்ட் வந்தபோது மட்டும் செய்யமாட்டேன் என்றுவிட்டாள். சூடு காட்டும்போது எழுகிற புகை கண்ணை எரித்தது. பல கெரட்டின் மருந்துகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடுகின்றன. அது புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்தியது. வாடிக்கையாளர் அந்தப் புகையில் ஒரு மதியம் உட்காருகிறார். செய்கிற பெண் தினமும் நிற்கிறாள்.

எண்ணெய் விஷயத்தில் சித்திக்கும் புதிய சலூன்களுக்கும் ஒத்துப்போகாது. ஸ்மூத்னிங் செய்த தலையில் எண்ணெயே கூடாது என்று அங்கே சொல்வார்கள். முதல் சில நாட்களுக்குச் சரி. அதற்கப்புறம் குளிப்பதற்கு முன் நுனியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் என்பது சித்தியின் கட்சி. 2003-ல் ரேலே, மொஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வு அவள் பக்கம் நிற்கிறது. கடலை மாவு போட்டாலும் போகாமல் பிசுபிசுக்கிற அதே தேங்காயெண்ணெய்தான் முடித்தண்டுக்குள் புகுந்து, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைத்தது; சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்யவில்லை. ஆய்வை நடத்தியது பாராசூட் எண்ணெய் விற்கிற மாரிகோ. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் லாரிக் அமிலத்தின் சின்ன, நேரான மூலக்கூறு என்று அவர்கள் சொன்ன காரணம் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

நகப்பூச்சுக்கு அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் க்யூடெக்ஸ் என்றுதான் பெயர், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். அது சீக்கிரம் பெயர்வதற்கு மட்டமான பாட்டில் காரணம் என்று நினைப்போம். உண்மையில் நகம் தண்ணீரை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கிற பூச்சு கூடவே விரியாது, விரிசல் விடும். மெல்லிசாக இரண்டு பூச்சு, முதலாவது நன்றாகக் காய்ந்த பின் இரண்டாவது, நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு. பிறகு பாத்திரம் கழுவக் கையுறை. பெடிக்யூருக்குப் பின் செய்யவேண்டியது இதைவிட எளிது: இரவு குதிகாலில் எண்ணெயோ கிளிசரினோ தடவிப் பழைய காலுறையைப் போட்டுக்கொண்டு படுப்பது. ஃபேஷியல் செய்த அன்று சோப்பு வேண்டாம், வெயில் வேண்டாம். அவ்வளவுதான்.

இப்போது நான் போகிற சலூனில் மிசோரமிலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். தமிழை அரைகுறையாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பில் போட்ட பிறகு கண்ணாடிக் கதவு வரை கூடவே வந்து, "அக்கா, மூணு நாள் தலை குளிக்காதே. ஹேர் நனைஞ்சா கட்டாதே" என்றாள். அங்கே இதைச் சொல்ல அவளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. பாட்டில் விற்றால் கமிஷன் கொடுக்கிறார்கள். இந்தத் தொழிலில் எனக்கு ஆழமாகப் பிடித்தது அந்தக் கதவருகே நடப்பதுதான். நாற்காலியில் செய்ததில் பாதி அங்கே சொல்கிற பேச்சில்தான் நிற்கும். அதைச் சொல்லத் தெரிந்தவளிடம் போங்கள். கடை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

கலர் போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சித்தி சொன்னதில் ஒன்று பாக்கி இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆறு வாரத்தில் வகிட்டில் வெள்ளை தெரியும். உடனே தலை முழுக்க மறுபடி பூசச் சொல்லாதீர்கள். வேரை மட்டும் தொடச் சொல்லுங்கள். நுனி முடி ஏற்கெனவே பலமுறை மருந்து குடித்தது, இன்னும் பூசினால் நிறம் நிற்காமல் அதுவே உடைந்துபோகும். புது கம்பெனிச் சாயம் என்றால் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். அதற்காக ஒருமுறை தனியாகப் போய்வரச் சொன்னாலும் சலிப்படையாமல் போய்வாருங்கள்.