கோஸ் புழுவின் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, மின்னணுத் துறை)

ஆண்டு மலர் என்றாலே காதல் கவிதையும் நட்புக் கவிதையும் நிறைய வரும். நான் எழுதப் போவது ஒரு புழுவைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் ஊர் நீலகிரியில். அப்பா முட்டைக்கோஸ் தோட்டங்களில் கூலிக்கு மருந்தடிப்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். லீவு நாட்களில் நானும் தோட்டத்துக்குப் போவேன். அங்கே பழக்கமானதுதான் இந்தப் பச்சைப் புழு. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு என்று புத்தகம் சொல்கிறது. இலையை லேசாகத் தொட்டால் போதும், விறுவிறுவென்று பின்பக்கமாக நெளிந்து இலையிலிருந்து குதித்துவிடும். குதித்ததும் ஒரு மெல்லிய பட்டு நூலில் தொங்கும். ஆபத்து விலகியதும் அதே நூல் வழியே மேலே ஏறிவிடும்.

யாருக்குப் பயந்து இந்த வித்தை? முக்கியமாக ஒட்டுண்ணிக் குளவிக்கு. சின்னஞ்சிறிய இந்தக் குளவி, புழுவின் உடம்பில் ஊசி போலக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். குஞ்சு உள்ளேயே தின்று வளரும். கடைசியில் புழு சாகும், குளவி பிறக்கும்.

குளவியும் லேசுப்பட்டதல்ல. குளிர்ந்த மலைக்கு ஏற்ற டயடெக்மா என்ற குளவி, நூல் பக்கத்திலேயே காத்திருந்து, புழு மேலே வந்ததும் குத்தும். வெயிலைத் தாங்கும் கொட்டீசியா, நூல் வழியே இறங்கித் துரத்தும்!

அப்படியானால் ஒரேயடியாகத் தரைக்குக் குதித்து ஓடினால் என்ன? அதற்கும் விலை உண்டு. கீழே எறும்பு இருக்கும், சிலந்தி இருக்கும், சாப்பாடு இருக்காது. பட்டாணி அசுவினியும் இப்படிக் குதிக்கிற பூச்சிதான். 1990-இல் வெளியான ஓர் ஆய்வு அதன் கணக்கைக் காட்டியது: தரை சூடாகக் காய்ந்து கிடந்தால் அசுவினி குதிக்கத் தயங்கும். நல்ல சாறுள்ள செடியில் இருந்தாலும் தயங்கும். ஆபத்து தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. மருந்தடித்த ராத்திரி அவருக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். "வேற வேலைக்குப் போலாமேப்பா" என்றேன். "உன் மெஸ் பில்லு யாரு கட்டுவா? படிப்பு முடியட்டும்டா" என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், நாம் அடிக்கும் பல மருந்துகள் நமக்காக வேலை செய்யும் குளவியையும் கொன்றுவிடுகின்றன. புழுவோ பழகிக்கொள்கிறது. 1953-லேயே ஜாவாத் தீவில் டி.டி.டி.க்கு இந்தப் புழு அசையவில்லை என்று பதிவாகியிருக்கிறது. காவல்காரன் செத்துப்போக, திருடன் தேறிவிட்டால் என்ன ஆகும்? மறுபடியும் மருந்து. மறுபடியும் அப்பா முதுகில் டேங்க்.

புழுவுக்குத் தொங்க ஒரு நூல் இருக்கிறது. அப்பாவுக்கு அந்த நூல் நான்தான். எனக்குப் பேப்பரில் அரியர் கிடையாது நண்பர்களே. முதல் சம்பளம் வாங்கி அந்த டேங்கை இறக்கி வைக்கச் சொல்லணும், அந்த ஒரு அரியர்தான் பாக்கி.