ஓர் ஒற்றெழுத்தின் தூரம்

காணாமல்போன தலைவனை மக்கள் எளிதில் விட்டுவிடுவதில்லை. செத்துப்போனவனுக்கு ஓர் ஒப்பாரியோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. காணாமல்போனவன் மீது பாட்டு வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1694-இல் ஸ்பெயின் கரையில் நின்ற கப்பலொன்றில் கலகம் செய்து அதைக் கைப்பற்றினான். அதே ஆண்டில், அவனே பாடுவதுபோல் அமைந்த பாட்டு ஒன்று லண்டனில் ஒற்றைத் தாளில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. 1695 செப்டம்பரில், மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் என்ற பெருங்கப்பலைச் சூறையாடினான். அதில் வந்த புனிதப் பயணிகள், குறிப்பாகப் பெண்கள், அடைந்த துன்பம் கொஞ்சமல்ல. ஆங்கில அரசும் கிழக்கிந்தியக் கம்பெனியும் அவன் தலைக்கு விலை வைத்தன. 1696-இல் அவனுடைய கூட்டாளிகள் சிலர் லண்டனில் தூக்கிலிடப்பட்டனர். எவ்ரி மட்டும் அகப்படவில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு அவனைப் பற்றிய உறுதியான செய்தி எதுவும் இல்லை. மடகாஸ்கரில் அரசனாகிவிட்டான் என்றார்கள். 1712-இல் அந்தக் கதை லண்டனில் நாடகமாகவே நடந்தது. சவப்பெட்டி வாங்கக்கூடக் காசில்லாமல் டெவன் பகுதியில் செத்தான் என்று 1724-இல் வந்த ஒரு நூல் சொன்னது. ஒரு மனிதனுக்கு இரண்டு முடிவுகள். கேட்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் இருக்கும் தென்காசிக்கும் கடலுக்கும் வெகு தூரம். இந்தப் பக்கத்தில் கடல் என்ற பெயர், குற்றாலப் பேரருவியின் நடுவே நீர் விழுந்து சுழன்று மறுபடி பொங்கி வழியும் பொங்குமாங்கடலுக்கு மட்டுமே உண்டு. ஆனாலும் காணாமல்போன தலைவன் எங்களுக்கும் ஒருவன் இருக்கிறான். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூர்ப் பக்கம் போனால் அவனுடைய நாடு. நெற்கட்டான்செவ்வல் பாளையக்காரர் பூலித்தேவன்.

அவரைக் கொள்ளையனோடு ஒப்பிடலாமா என்று நண்பர்கள் சிலர் கோபிக்கக்கூடும். கொள்ளைக்காரன் என்பது யார் யாரைச் சொல்லும் சொல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலெக்சாண்டரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன் ஒருவனின் கதையை அகஸ்டீன் எழுதியிருக்கிறார். ஒற்றைக் கப்பலோடு செய்வதால் நான் திருடன், பெரும் படையோடு செய்வதால் நீ பேரரசன் என்று அவன் சொன்னானாம். நவாபுக்காகவும் கம்பெனிக்காகவும் வரி கேட்டு வந்தவர்களின் ஏடுகளில் பாளையக்காரர்கள் அடங்காதவர்கள், சூறையாடுபவர்கள். பாளையத்து மக்களின் பாட்டில் வந்தவர்கள்தான் சூறைக்காரர்கள். இரு தரப்பும் ஒரே சொல்லை எதிரெதிர்த் திசையில் வீசிக்கொண்டார்கள்.

வரலாறு தருவது இவ்வளவு. 1755-இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் நெற்கட்டான்செவ்வல் கோட்டையை முற்றுகையிட்டு, அதைத் தகர்க்கப் போதிய பீரங்கிகள் இல்லாமல் திரும்பினார்கள். பின்னர் கம்பெனியின் தளபதியாக வந்த கான்சாகிபு என்கிற யூசுப்கான், 1761-இல் நெற்கட்டான்செவ்வல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார். அதே கான்சாகிபுவை, தங்களுக்கு எதிராகத் திரும்பினார் என்று 1764 அக்டோபரில் மதுரையில் நவாபும் கம்பெனியும் தூக்கிலிட்டார்கள். பூலித்தேவன் மறுபடி தலையெடுத்தார். 1767-இல் டொனால்டு காம்ப்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். அதன் பிறகு பூலித்தேவன் வரலாற்றில் இல்லை.

அந்த இடத்திலிருந்து பாட்டு தொடங்குகிறது. கைது செய்யப்பட்டு விலங்கோடு கொண்டுசெல்லப்படும் வழியில், சங்கரன்கோவிலில் வழிபட்டு வர வேண்டுமென்று அவர் கேட்கிறார். உள்ளே போகிறார். கோமதி அம்மன் முன் நின்று மனமுருகிப் பாட, புகையும் சோதியும் எழுகின்றன. விலங்கு அறுந்து விழுகிறது. பூலித்தேவனைக் காணவில்லை. காவலர்கள் வெளியே காத்து நிற்கிறார்கள். கோவிலுக்குள் பூலித்தேவன் அறை என்று இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டத்தில் புற்றுமண் வாங்கிக்கொண்டு நகர்பவர்களில் சிலர் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த முடிவில் என்னை வெகு நாளாக உறுத்துவது ஒன்று உண்டு. இது எங்கள் பகுதியின் கதைமரபுக்கு மாறானது. தென்பாண்டிச் சீமையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: இங்கே அநியாயமாகக் கொல்லப்பட்டவர்தான் தெய்வம் ஆவார். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்க் கள்வர் கையால் மாண்டவன். காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கிறான். இரத்தம் சிந்திய இடத்தில் பீடம் எழும். பீடத்துக்குப் படையல் வரும். கொலை நடந்ததை மறக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழிபாடு அது. அப்படிப்பட்ட மண்ணில், பூலித்தேவனைக் கொலையுண்ட தெய்வமாக்காமல் சோதியில் கலக்கச் செய்தது ஏன்?

சோதியில் கலப்பது வேறொரு மரபிலிருந்து வருகிறது. நல்லூர்ப் பெருமணத்தில் திருமணக் கூட்டத்தோடு சம்பந்தர் சோதியில் புகுந்தார். மாணிக்கவாசகர் தில்லையில் கலந்தார். ஆண்டாள் அரங்கனோடு ஒன்றினாள். 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். பூலித்தேவனைப் பாடியவர்கள் நாயன்மார் கதையின் முடிவை எடுத்து ஒரு போர்வீரனின் கதைக்குத் தைத்துவிட்டார்கள். பகைவன் கையில் சாவதென்றால் பகைவன் வென்றதாகிவிடும். தெய்வத்தின் கையில் மறைந்துவிட்டால் பகைவனுக்குக் கிடைப்பது அறுந்த விலங்கு மட்டும்.

அவரை வென்ற கான்சாகிபுவின் முடிவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தூக்கிலிட்ட பிறகும் பயம் தீராமல் உடலைத் துண்டாக்கி, தலையைத் திருச்சிக்கும் கைகளைப் பாளையங்கோட்டைக்கும் மற்றவற்றை வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மதுரை சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கிறது. வென்றவருக்குப் பல இடங்களில் அடக்கம். தோற்றவருக்கு ஓரிடத்திலும் இல்லை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களை அழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார் பானர்மன். உடலைக் காட்டுவதில் இருக்கும் ஆற்றலைக் கம்பெனி நன்றாக அறிந்திருந்தது. உடலைக் காட்டாமல் இருப்பதில் இருக்கும் ஆற்றலைப் பாட்டுக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதையெல்லாம் நாட்டார் வழக்காற்றியல் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஓர் ஆண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். நெற்கட்டான்செவ்வல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவள், அதிகம் பேசாதவள்.

“ஐயா, ஒண்டிவீரனுக்குக் கை போச்சுன்னு சொல்றாங்க. வெண்ணிக்காலாடிக்குக் குடல் சரிஞ்சதுன்னு சொல்றாங்க. தலைவருக்கு மட்டும் ஏன் ஒரு காயமும் இல்லை?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பெயர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருந்ததியர் குலத்து வீரனான ஒண்டிவீரன், பகைவர் பாசறைக்குள் தனியாகப் புகுந்து புல்லுக்குள் பதுங்கியிருந்தபோது, குதிரை கட்ட அடித்த முளை அவன் கையில் இறங்கியது. சத்தமின்றிப் பொறுத்திருந்து, கையை வெட்டிக்கொண்டு வேலையை முடித்துத் திரும்பினான். தேவேந்திரகுலத்து வெண்ணிக்காலாடி, வயிற்றிலிருந்து சரிந்த குடலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டு, பூலித்தேவன் மடியில் உயிர்விட்டான். காலாடி மேடு என்று இடம் காட்டுகிறார்கள். இவை வாய்மொழிக் கதைகள். ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் கேள்வியோடு பல நாள் இருந்தேன். ஒரே போரைப் பற்றிய கதைகளில் உடம்பு இப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது. வலியும் குடலும் வெட்டுண்ட கையும் ஒரு பக்கம், சோதி மறுபக்கம். யாருடைய உடம்பு மண்ணில் கிடக்கலாம், யாருடையது கிடக்கக் கூடாது என்று நினைவே தீர்மானித்துக்கொள்கிறது. நந்தனார் கதையில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. அவர் தில்லையில் தீப்புகுந்து எழுந்து, கோவிலுக்குள் சென்று மறைந்தார் என்கிறது பெரியபுராணம். அந்தச் சோதிக்குப் பின்னால் ஒரு கொலை மறைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்றவர்கள் நம் காலத்தில் உண்டு. அங்கே சோதி வலியவனுக்குத் திரையாகவும், இங்கே தோற்ற தலைவனுக்குக் கேடயமாகவும் வேலை செய்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மறைந்தான் என்றால் தன்வினை. மறைத்தான் என்றால் பிறவினை. இடையில் நகர ஒற்று தகர ஒற்றாகிறது, அவ்வளவுதான். ஒரு மெய்யெழுத்தின் தூரத்தில் அற்புதமும் குற்றமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. பூலித்தேவன் மறைந்தாரா, மறைக்கப்பட்டாரா என்று சொல்ல ஏடு இல்லை. இரகசியமாகக் கொன்றிருப்பார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பாட்டு நகர ஒற்றைத் தேர்ந்துகொண்டது.

ஈழத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்த ஒற்றெழுத்தை எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் எழவில்லை. காத்திருந்தபடியே சில பெற்றோர் இறந்தும் போனார்கள். காணாமல்போனோர் என்ற சொல்லை அவர்கள் ஏற்பதில்லை. காணாமலாக்கப்பட்டோர் என்றே சொல்கிறார்கள். தாமாகப் போகவில்லை, ஒருவன் செய்தான் என்பதை அந்தச் செயப்பாட்டுவினை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சோதியில் கலந்துவிட்டான் என்று யாராவது அவர்களிடம் ஆறுதல் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தோல்வியைத் தாங்கிக்கொள்ள உதவிய வினைச்சொல், இன்னொரு கூட்டத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் துடைத்துவிடும் சொல்லாகிவிடுகிறது.

ஆகவே பாட்டை நம்பலாமா என்பதைக் காட்டிலும், பாட்டு யாருக்காக ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தது என்று கேட்பதே பயனுள்ளது என எனக்குத் தோன்றுகிறது. சங்கரன்கோவில் பாட்டைக் கட்டியவர்கள் ஏமாளிகள் அல்லர். கோட்டைகள் தரைமட்டமானதைத் தம் கண்ணால் கண்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். தலைவனின் பிணத்தைக் கம்பெனி வாசலில் கிடத்த மறுத்ததுதான் அவர்களால் கொடுக்க முடிந்த கடைசி வரிமறுப்பு. அதற்காக அந்தப் பாட்டின் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை. அதே பாட்டைச் சாதிக்கு ஒரு மேடையாகப் பிரித்துக்கொண்டு, சோதியைத் தன் மேடைக்கும் காயத்தை அடுத்தவன் மேடைக்கும் ஒதுக்கும்போதுதான் சங்கடம் வருகிறது. கோட்டை விழுந்த அன்று அவர்கள் ஒரே பக்கத்தில் நின்றவர்கள்.

இப்போது அந்தப் பாடத்தை நடத்தும்போது மூன்று பெயர்களையும் ஒரே வரிசையில் எழுதுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் கதை கொடுக்கும் வினைச்சொல்லை நேர் எதிரே எழுதச் சொல்கிறேன். வெட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டான். மறைந்தான். பிறகு அந்த வினைகளை இடம்மாற்றிப் படிக்கச் சொல்கிறேன். ஒண்டிவீரன் சோதியில் மறைந்தான் என்று ஒருவன் உரக்கப் படிக்கும்போது, இது ஏன் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்ற கேள்வி அவன் முகத்திலேயே எழுகிறது. அதற்கு மேல் நான் விளக்குவதில்லை.